மழைக்காட்டு உச்சியில் ஆய்வு: மரமேறப் புதிதாக வருபவர்களுக்கு

மழைக்காட்டுக்கு முதன்முதலாக ஆய்வுக்கு வருபவர்கள் கொஞ்ச நேரத்திலேயே கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பறவை கத்தும், உருவம் தெரியாது. வழியெல்லாம் பூ உதிர்ந்து கிடக்கும், எந்த மரத்துப் பூ என்று சொல்ல முடியாது. பாதி கடித்த பழம் காலடியில் வந்து விழும், தின்றது யார் என்று தெரியாது. அடர்ந்த மழைக்காட்டில் தரைவரை வந்துசேரும் வெயில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மிச்சத்தை மேலே இருக்கும் இலைகள் எடுத்துக்கொள்கின்றன. வெயில் இருக்கும் இடத்தில்தானே இலையும் பூவும் காயும் இருக்கும்? அவற்றைத் தின்னும் பூச்சியும், பூச்சியைப் பிடிக்கும் பறவையும் அங்கேதான். காட்டின் பெரும்பகுதி வாழ்க்கை நம் தலைக்கு முப்பது நாற்பது மீட்டர் மேலே நடக்கிறது.

அங்கே கயிற்றில் ஏறிப்போய் ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு நேராகப் போய் மரத்தில் ஏறாதீர்கள். கயிறேற்றம் கையால் கற்க வேண்டிய வித்தை. தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, பயிற்சியில் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எங்கே கவனம் தப்பும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பயிற்சி நன்றாக மனத்தில் பதியும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இன்னொன்று. மரமேறுவது என்று பெயர் இருந்தாலும், இதில் பாதிக்கு மேல் தரையில் நடக்கும் வேலை. ஏறுவது இருபது நிமிடம் என்றால், ஏறலாமா என்று முடிவெடுக்கவே எனக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். அந்தக் காலைப்பொழுதில் நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும்போதுதான் தப்பு நடக்கிறது.

ஏறத்தான் வேண்டுமா?

உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். 'விதானத்தை (மர உச்சிகள் சேர்ந்து அமைக்கும் காட்டின் கூரையை) ஆராயப் போகிறேன்' என்பது கேள்வி ஆகாது. 'இந்த மரத்துப் பூவுக்கு இரவில் யார் வருகிறார்கள்', 'வெயிலில் இருக்கும் இலையையும் நிழலில் இருக்கும் இலையையும் புழுக்கள் ஒரே அளவு தின்கின்றனவா' என்பவை கேள்விகள். எந்த மரம் எப்போது காய்க்கிறது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் நல்ல பைனாகுலரும், மரத்தடியில் உதிர்வதைப் பிடிக்க நாலு வலைத்தொட்டிகளும் போதும். உச்சியின் வடிவத்தை அளக்க டிரோன் இருக்கிறது, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் இருக்கிறது.

பூச்சிக் கணக்குக்கும் ஆள் மேலே போய் உட்கார வேண்டும் என்பதில்லை. பனாமாவில் பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் லூஹேயா சீமன்னி என்ற ஒரே இனத்து மரங்களில் 19-ஐ எடுத்துக்கொண்டு, உச்சியில் பூச்சிக்கொல்லிப் புகை போட்டு, விழுந்ததையெல்லாம் கீழே ஏந்திப் பிடித்தார். வண்டினங்கள் மட்டுமே ஏறத்தாழ 1,200 இருந்தன. அதை வைத்து, வெப்பமண்டலத்தில் பூச்சி, சிலந்தி போன்ற கணுக்காலிகளில் மூன்று கோடி இனங்கள் இருக்கலாம் என்று 1982-இல் எழுதினார். ஒரே வகை மரத்தை மட்டும் நம்பி வாழும் வண்டினங்கள் எத்தனை என்பதை அவர் மிகையாக எடுத்துக்கொண்டார் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. மதிப்பீடும் வெகுவாக இறங்கியது. ஆனாலும் மர உச்சியை அறிவியல் உலகம் திரும்பிப் பார்த்ததில் அந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

மேலே போனால்தான் விடை கிடைக்கும் கேள்விகளும் இருக்கின்றன. இலைகளில் எவ்வளவு பங்கைப் பூச்சிகள் தின்கின்றன என்பதை, இலைகளைப் பறித்துவந்து ஓட்டைகளை அளந்து கணக்கிடுவதுதான் பழைய வழக்கம். அந்த முறையிலேயே ஒரு பெரிய ஓட்டை இருந்தது: முழுதாகத் தின்னப்பட்ட இலை உங்கள் கைக்கு வரவே வராது. சூழலியலாளர் மார்கரெட் லோமன் 1970-களின் கடைசியில் ஆஸ்திரேலிய மழைக்காடுகளில் ஏறி, கிளையிலேயே இலைகளுக்கு எண் போட்டுவிட்டு, திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். எண் போட்ட இலை இருந்த இடத்தில் காம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அதுவும் கணக்கில் வந்தது. பறித்து அளந்தபோது தெரிந்ததைவிட இழப்பு பல மடங்கு என்று அப்போது தெரிந்தது.

சூழலியலாளர் நளினி நட்கர்னியின் கண்டுபிடிப்பும் இப்படித்தான். அமெரிக்காவின் ஒலிம்பிக் தீபகற்ப மழைக்காட்டில் மேப்பிள் மரக் கிளைகளில் படிந்திருந்த பாசிமெத்தையை விலக்கிப் பார்த்தால் உள்ளே வேர்கள். மரத்தின்மேல் ஒட்டி வளரும் தொற்றுச்செடிகளின் வேர்கள் அல்ல. மரமே தன் கிளையிலிருந்து வேர் விட்டு, கிளைமேல் சேர்ந்த மண்ணில் சத்து எடுத்துக்கொண்டிருந்தது. 1981-இல் இது வெளியானது. தரையில் நின்று எந்தப் பைனாகுலரில் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

கயிறுக்கும் எல்லை உண்டு. அடிமரமும், அதை ஒட்டிய பெருங்கிளைகளும்தான் கயிற்றில் ஏறுபவருக்கு நன்றாக எட்டும். இலையும் பூவும் அதிகம் இருக்கும் கிளைநுனி உங்கள் எடையைத் தாங்காது. நுனியில் வேலை என்றால் பளுதூக்கிக் கிரேன் உள்ள ஆய்விடங்களை விசாரியுங்கள். ஸ்மித்சோனியன் நிறுவனம் 1990-இல் பனாமாவில் முதல் விதானக் கிரேனை நிறுத்தியது. மலேசியாவின் லம்பீர் மலைக் காட்டிலும் ஒன்று நிற்கிறது. கிரேன் நின்ற இடத்திலேயே நிற்கும், கயிறு முதுகில் ஏறி எந்தக் காட்டுக்கும் வரும். உங்கள் கேள்விக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

பயிற்சி, அனுமதி, துணை

சரி, ஏறத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. மரப் பராமரிப்புக்காகக் கயிறேற்றம் கற்றுத்தருபவர்கள், குகை ஆய்வுக் குழுக்கள், விதான ஆய்வில் பழகியவர்கள் ஆகியோரிடம் கற்கலாம். மலையேற்றம் தெரியும் என்பது இதற்குப் போதாது. கயிறு, முடிச்சு, கருவி எல்லாமே வேறு விதத்தில் பயன்படும். பயிற்சி முடியும்போது மூன்று வேலைகள் யோசிக்காமல் கைக்கு வர வேண்டும்: ஏறும் நிலையிலிருந்து இறங்கும் நிலைக்கு மாறுவது, கருவி ஒன்று சிக்கிக்கொண்டால் விடுவிப்பது, மயங்கித் தொங்கும் ஒருவரைக் கீழே இறக்குவது. மூன்றாவதைக் கற்றுத்தராத பயிற்சியை முழுப் பயிற்சி என்று நான் ஏற்கமாட்டேன்.

காட்டுக்குள் நுழைய, மரத்தில் ஏற, மாதிரி எடுக்க, எடுத்ததை வெளியே கொண்டுபோக என்று அனுமதி பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும். விண்ணப்பத்திலேயே 'கயிற்றில் ஏறுவோம்' என்று எழுதிவிடுங்கள். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் பருவமே கைவிட்டுப் போய்விடும்.

தனியாக ஏறாதீர்கள். தரையில் நிற்பவர் சும்மா துணைக்கு வந்தவராக இருக்கக் கூடாது. உங்களை இறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முடிந்தால் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரையும் உரிய கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மரத்தில் தேனீ கட்டும், எந்தக் கிளை பொசுக்கென்று ஒடியும், எந்தப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சாமான்கள்

பட்டியல் நீளமில்லை, ஆனால் எதிலும் சமரசம் வேண்டாம். கயிறு அதிகம் நீளாத வகையாக, 10 முதல் 11 மி.மீ. தடிமனில் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரக் குறியீடு இ.என். 1891 என்று போட்டிருக்கும். பாறையேற்றத்துக்கான இழுபடும் கயிறு இங்கே உதவாது. ஒவ்வோர் எட்டுக்கும் ஊஞ்சலாடி, கிளையில் உரசித் தேயும். கயிறு கிளைக்கு மேலே போய் மறுபக்கம் இறங்கி அடிமரத்தில் கட்டப்பட வேண்டும் என்பதால், 35 மீட்டர் உயரக் கிளைக்கு, ஏறி இறங்க மட்டுமே 80 மீட்டருக்குக் குறையாத கயிறு வேண்டும். அதுவே ஆறு கிலோ இருக்கும். நனைந்தால் இன்னும் கனக்கும்.

அப்புறம் இடுப்பு ஹார்னஸ் (உடலைத் தாங்கும் பட்டைக்கச்சை), மார்புப் பட்டை, தாடைப் பட்டை உள்ள ஹெல்மெட், கைப்பிடி ஜூமார் (கயிற்றில் மேலே நகரும், கீழே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் கருவி) ஒன்று, மார்பில் பொருந்தும் ஜூமார் ஒன்று, கால் வைக்கும் வளையம், இறங்கும் கருவி, பூட்டிக்கொள்ளும் காரபினர்கள் (உலோகக் கொக்கி வளையங்கள்), உடம்பை மரத்தோடு பிணைத்துக்கொள்ள ஒரு குட்டைக் கயிறு. கண்ணாடி போடாதவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். மேலே பார்த்துக்கொண்டே ஏறும்போது கண்ணில் விழும் பட்டைத்தூள் உங்களை நடுவழியில் நிறுத்திவிடும்.

பிறர் பயன்படுத்திய கயிறை, அது எங்கெல்லாம் இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். ஒவ்வொரு கயிறுக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி, வாங்கிய நாள், ஏறிய நாட்கள், பட்ட அடி எல்லாம் எழுதிவையுங்கள். ஏறும் ஒவ்வொரு நாளும் முழுக் கயிறையும் விரலிடையில் ஓடவிட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் மெத்தென்று அமுங்கினாலோ, சட்டென்று மெலிந்தாலோ அந்தக் கயிறு அன்றோடு சரி.

மரத்தில் குத்தி ஏறும் முள்ளிரும்புச் செருப்பை உயிருள்ள மரத்தில் பயன்படுத்தவே கூடாது. ஒவ்வொரு குத்தும் ஒரு புண். அந்தப் புண் வழியே பூஞ்சை நுழையும், அதே முள் அடுத்த மரத்துக்கும் நோயைக் கொண்டுபோகும்.

மரத்தைப் படிப்பது

என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். இதற்கு அவசரப்படாதீர்கள்.

முதலில் தூரத்திலிருந்து பாருங்கள். மரம் முழுக்க இலை இருக்கிறதா, ஒரு பக்கம் மொட்டையா? அப்புறம் கிட்டே வந்து அடியைச் சுற்றி நடங்கள். பலகை வேர்களுக்கு இடையே மண் பிளந்திருக்கிறதா, ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா? அடிமரத்தில் காளான் தட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே மக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரப்பர்ச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கெட்டியான மரம் ஒரு மாதிரி ஒலிக்கும். பொந்து விழுந்தது பறைபோல ஒலிக்கும். தரையில் கிடக்கும் கிளைகளை எடுத்து ஒடித்துப் பாருங்கள். அண்மையில் விழுந்தவை நிறைய இருந்தால், விழக் காத்திருப்பவையும் மேலே நிறைய இருக்கும்.

பக்கத்து மரங்களையும் பார்க்க மறக்காதீர்கள். மழைக்காட்டில் பெருங்கொடிகள் நாலைந்து மரங்களைச் சேர்த்துப் பின்னியிருக்கும். உங்கள் மரம் உறுதியாகவே இருக்கலாம். நீங்கள் கயிறை இழுக்கும்போது கொடி அதிர்ந்து, பக்கத்து மரத்துக் காய்ந்த கிளை உங்கள் தலைமேல் வரலாம்.

அதற்குப் பிறகு பைனாகுலரை எடுத்துக் கிளை கிளையாகப் பாருங்கள். இங்கேதான் நான் ஒருமுறை ஏமாந்தேன். இருபத்தெட்டு மீட்டர் உயரத்தில் அருமையான கிளை, நல்ல பருமன், மேலே பச்சைப்பசேல் என்று இருந்தது. கயிறும் ஒரே எறியில் போய் உட்கார்ந்தது. ஏறுவதற்குமுன் எடை போட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு பேர் தொங்கினோம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நாங்கள் இருவரும் உட்கார்ந்த வாக்கில் தரையில் கிடந்தோம், கிளை எங்களுக்கு நாலடி தள்ளி விழுந்து மண்ணில் குத்தியிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் உள்ளே முழுக்க மாவு. நாங்கள் பச்சை என்று பார்த்தது அந்தக் கிளையின் இலையே அல்ல. அதன்மேல் வளர்ந்த பெரணியும் ஆர்க்கிட்டும். கிளை செத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தால், அதன் நுனிவரை பார்வையை ஓட்டி, அந்த மரத்துக்கே உரிய இலை நுனியில் இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் அடுத்த வேலை.

கிளை தேர்வதற்கு என் கணக்கு இது: உயிருள்ளது, ஓங்கிய ஆளின் தொடைப் பருமனுக்குக் குறையாதது, அடிமரத்தோடு சேரும் கவைக்கு ஒட்டி. கிளைநுனி நோக்கிப் போகப் போகத் தாங்கும் திறன் குறைந்துகொண்டே போகும். கவை கூரிய 'வி' வடிவில் இருந்து நடுவில் பட்டை மடிந்து உள்ளே போயிருந்தால், அந்த இணைப்பு பலவீனமானது, விட்டுவிடுங்கள்.

இதோடு, அந்த மரத்தின் குணத்தையும் கேட்டறியுங்கள். நடு, தென் அமெரிக்கக் காடுகளில் செக்ரோப்பியா மரத்தின் பொள்ளலான தண்டுக்குள் அஸ்டெகா எறும்புகள் குடியிருக்கும், தொட்டால் படையெடுக்கும். அதே பகுதியின் ஹூரா மரத்துக்கு அடிமுழுக்க முள், பாலோ கண்ணைக் கெடுக்கும். தென்கிழக்காசியாவில் ரெங்காஸ் மரங்களின் பிசின் தோலைக் கொப்புளமாக்கும்; மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் அதுவும்.

ஒரு விஷயம் ஆய்வாளராக மனத்தில் இருக்கட்டும். பாதுகாப்பான மரத்தை மட்டும் ஏறுகிறோம் என்றால், நம் தரவு முழுக்க நல்ல திடமான மரங்களிலிருந்து மட்டுமே வருகிறது. நோய்ப்பட்டது, பொந்து விழுந்தது, கொடி மூடியது எதுவும் அதில் இல்லை. பொந்துகளில் வாழும் உயிர்களைப் பற்றிய ஆய்வென்றால் இது பெரிய குறை. இதற்காக ஆபத்தான மரத்தில் ஏறாதீர்கள். குலுக்கல் முறையில் மரங்களைத் தேர்ந்து, ஏறாமல் விட்டவை எத்தனை, எதனால் விட்டோம் என்று எழுதிவைத்து, ஆய்வறிக்கையில் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

கயிறு போடுவது

கிளைக்குமேல் கயிறை நேரடியாக எறிய முடியாது. மெல்லிய நூலிலிருந்து படிப்படியாகத்தான் பருமனான கயிறுக்கு வர வேண்டும். இரண்டரை மீட்டர்க் கம்பத்தின் தலையில் பொருத்திய பெரிய கவண்தான் இப்போது பலரும் பயன்படுத்துவது. அதில் வழுவழுப்பான மெல்லிய நூல் கட்டிய ஈயக்குண்டுப் பையை வைத்து விடுவார்கள். 350 கிராம் பை நல்ல கையில் முப்பது மீட்டரைத் தாண்டும். இன்னும் உயரத்துக்கு வில்லில் தூண்டில் நரம்பு கட்டிய மொட்டை அம்பு. 1970-களில் உயிரியலாளர் டொனால்ட் பெர்ரி கோஸ்டாரிக்கக் காட்டில் இப்படித்தான் குறுக்குவில்லில் நூல் விட்டு உச்சிக்கு வழி போட்டார்.

எல்லோரும் ஹெல்மெட் போட்ட பிறகுதான் முதல் எறி. நூலை அகலமான துணித்தொட்டியில் சுருட்டாமல் தாறுமாறாகப் போட்டு வையுங்கள். வளையம் வளையமாகச் சுற்றிவைத்தால்தான் சிக்கும். கவணுக்குப் பின்னாலும், எறியும் திசையிலும் யாரும் நிற்கக் கூடாது. பை கவையில் மாட்டிக்கொண்டால் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள். ரப்பர்போல நீண்டு, பை விடுபட்டு, நேராக உங்கள் முகத்துக்கே வரும். ஒரு கட்டையில் நூலைச் சுற்றி, மரத்தின் மறுபுறம் நின்று மெல்ல இழுங்கள்.

பத்து எறியில் ஒன்று சரியாகப் போனால் நல்ல நாள். 'பரவாயில்லை, கிட்டத்தட்டப் போயிருக்கிறது' என்று திருப்திப்படாதீர்கள். ஒன்றுக்கு இரண்டு கிளைகளில் மாட்டியிருந்தால், நீங்கள் பாதி ஏறும்போது சின்னக் கிளை ஒடிந்து ஒரு மீட்டர் சடாரென்று இறங்குவீர்கள். நூல் சரியான கிளைமேல் மட்டும் போயிருக்கிறது என்று இரண்டு பேர் இரண்டு திசையில் நின்று பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, நூலில் நைலான் கயிறும், நைலான் கயிற்றில் ஏறுகயிறும் கட்டி இழுக்க வேண்டும். கிளையில் படும் இடத்துக்கு ஒரு தோல் உறை அல்லது குழாய் போய்ச் சேருமாறு கயிற்றில் கோத்துவிடுங்கள். பட்டைக்கும் நல்லது, கயிறுக்கும் நல்லது.

கயிறு மேலே போனதும் நன்றாக ஆட்டிவிட்டு, எட்டி நின்று கால்மணி நேரம் சும்மா பாருங்கள். குளவிக்கூடோ தேனடையோ இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். தரையில் இருக்கும்போது ஓட முடியும். கயிற்றில் தொங்கும்போது ஓட முடியாது.

கட்டுவதும் சோதிப்பதும்

கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டுகிறோம் அல்லவா, அதை வெறும் முடிச்சாகப் போடாமல், இறங்கும் கருவி ஒன்றின் வழியே பூட்டிவையுங்கள். மேலே இருப்பவருக்கு ஏதாவது ஆனால், கீழே நிற்பவர் அந்தக் கருவியைத் தளர்த்தியே அவரைத் தரைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு மிச்சக் கயிறும் மரத்தின் உயரத்துக்கு இருக்க வேண்டும். முன்பு சொன்ன 80 மீட்டரோடு அதையும் சேர்த்துத்தான் கயிறு வாங்க வேண்டும்.

இந்தக் கட்டுமுறையில் ஒரு கணக்கு புதியவர்களுக்குத் தெரிவதில்லை. எழுபது கிலோ ஆள் ஒரு பக்கம் தொங்கினால், மறுபக்கக் கயிறும் கிட்டத்தட்ட அதே அளவு இழுக்கும். கிளைமேல் விழும் எடை நூற்று நாற்பதை நெருங்கும். அதனால்தான் எடை போட்டுப் பார்ப்பது கட்டாயம். இரண்டு, மூன்று பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கி, மெல்ல மெல்லக் குதித்துப் பார்க்க வேண்டும். கிளைக்கு நேர் கீழே நிற்காமல், கயிறை விலக்கிப் பிடித்துக்கொண்டு தொங்குங்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த விலகிய நாலடிதான்.

ஏறுவது

ஏறுவதற்குமுன் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஹார்னஸ் கொக்கிகள், காரபினர் பூட்டுகள், ஹெல்மெட் பட்டை, அடிக்கட்டு என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி, கை வைத்துப் பாருங்கள். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதை விடக் கூடாது.

ஏற்றம் தவளை நீந்துவது போன்றது. மார்பு ஜூமாரில் உட்காருங்கள், கைப்பிடி ஜூமாரை மேலே தள்ளுங்கள், முழங்காலை மடக்குங்கள், கால் வளையத்தில் எழுந்து நில்லுங்கள். கயிறு மார்பு வழியே தானாக ஓடும். மறுபடி உட்காருங்கள். புதியவர்கள் கையால் இழுத்து ஏறப் பார்த்துப் பத்து மீட்டரில் களைத்துப்போவார்கள். வேலையைக் கால் செய்யட்டும், கை சமநிலைக்கு மட்டும். முதல் சில மீட்டர்களில் கயிறு நீண்டு, ஏறியும் ஏறாத மாதிரி இருக்கும். அது இயல்புதான்.

இரண்டு மீட்டர் ஏறியதும் நில்லுங்கள். அங்கேயே இறங்கும் நிலைக்கு மாறி, இறங்கி, மறுபடி ஏறுங்கள். அன்றைய தினம் கை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கிளையை எட்டியதும் புதியவர்கள் அதன்மேல் ஏறி உட்கார ஆசைப்படுவார்கள். முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். கிளைக்கு ஒரு மீட்டர் கீழே நின்று, குட்டைக் கயிறால் அடிமரத்தோடு பிணைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். எந்த நொடியிலும் இரண்டு பிடிமானங்கள் உங்கள்மேல் இருக்க வேண்டும். ஒன்றை மாற்றும்போது மற்றது எடையைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மேலே ஆய்வு வேலை

எடுத்துப்போகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கயிறு கட்டுங்கள், பென்சிலுக்கும்தான். முப்பது மீட்டரிலிருந்து நழுவும் ஒரு காரபினர் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு வரும். ஏதாவது கை தவறினால் முதலில் 'தலை!' என்று கத்திவிட்டு அப்புறம் வருத்தப்படுங்கள். பேனா ஈரத்தில் எழுதாது. பென்சிலும் நனையாத தாளும் கொண்டுபோங்கள்.

உயரம் அளக்க எளிய வழி, அளவுநாடாவின் நுனியை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறுவது. இது பழைய முறைதான், ஆனால் இன்னும் இதற்கு மரியாதை இருக்கிறது. மலேசியாவின் சபா மாநிலத்தில் டானம் பள்ளத்தாக்கில் ஒரு மெராந்தி மரம் மிக உயரமானது என்று லைடார் காட்டியபோது, 2019 ஜனவரியில் உண்டிங் ஜாமி என்ற மரமேறி உச்சிவரை ஏறி நாடாவைத் தொங்கவிட்டார். 100.8 மீட்டர் என்று உறுதியானது அப்படித்தான்.

எங்கே எடுத்த மாதிரி என்பதை வெறும் உயரமாக மட்டும் எழுதாதீர்கள். தொற்றுச்செடி ஆய்வுகளில், ஜோஹான்சன் என்ற ஆய்வாளர் 1974-இல் மேற்கு ஆப்பிரிக்கக் காட்டில் வகுத்த ஐந்து மண்டலங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன: மரத்தின் அடிப்பகுதி, நடுமரம், உட்கிளை, நடுக்கிளை, வெளிக்கிளை. ஒவ்வொன்றிலும் வெளிச்சமும் ஈரமும் பட்டையின் தன்மையும் வேறு. மாதிரிப் பைகளில் கீழேயே மரத்தின் எண்ணும் மண்டலமும் எழுதிக்கொண்டு போனால், மேலே தொங்கிக்கொண்டு எழுத்துப்பிழை விட வேண்டியிருக்காது.

வெப்பமும் ஈரப்பதமும் பதியும் கருவிகளுக்கு வெயில் மறைப்பு போடுங்கள், இல்லாவிட்டால் அவை காற்றின் வெப்பத்தைவிட்டுத் தம் சொந்த வெப்பத்தைத்தான் பதியும். அசைவைக் கண்டால் தானே படமெடுக்கும் கேமராவை வைக்கும்போது லென்சுக்கு முன்னால் ஆடக்கூடிய இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. உச்சியில் காற்று ஓயவே ஓயாது. ஒரே இலையின் ஆயிரக்கணக்கான படங்களோடு நினைவக அட்டை நிறைந்துவிடும். கேமராவை ஆடும் கிளையில் கட்டினாலும் இதே கதிதான், பருத்த கிளையாகப் பாருங்கள்.

கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கிளைமேல் இருக்கும் பாசிமெத்தையை ஒருமுறை வழித்துவிட்டால் அது பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் சிலந்தி, புழு, தவளை, விதை, அந்த மரத்தின் வேரே இருக்கலாம். எட்டக்கூடிய தூரத்தில் கூடு ஒன்றில் முட்டையோ குஞ்சோ இருந்தால், அந்த மரத்தில் அன்றைய வேலை முடிந்தது.

மழை, மின்னல், மயக்கம்

வெப்பமண்டலக் காடுகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் கட்டும். விடிந்ததும் தொடங்கி நண்பகலுக்குள் தரைக்கு வந்துவிடும்படி திட்டமிடுங்கள். மேலே இருப்பவருக்கு இலைகளின் நடுவே வானம் தெரியாது; கீழே நிற்பவர்தான் கவனிக்க வேண்டும். இடிச்சத்தம் கேட்டால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், இறங்க வேண்டியதுதான். பாதி எடுத்த அளவு பாதியாகவே இருக்கட்டும். நாலு நாள் அடைமழைக்குப் பிறகு வெயில் அடித்தாலும் உடனே ஏறாதீர்கள். மண் ஊறி, கிளைகளின் பாசி நீர் குடித்துக் கனத்து, மரங்கள் விழும் நேரம் அது.

ஹார்னஸில் அசையாமல் தொங்குவது ஆபத்து. காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். மயங்கியவர் தொங்கிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். நீண்ட நேரம் ஒரே இடத்தில் வேலை என்றால் கால் வளையத்தில் அடிக்கடி எழுந்து நில்லுங்கள், காலை ஆட்டுங்கள். கீழே இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் மறுபடி ஒருமுறை. அதற்கும் பதில் இல்லையென்றால் அடிக்கட்டுக் கருவியைத் தளர்த்தத் தொடங்க வேண்டும். யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இதை ஒவ்வொரு களப்பணியின் முதல் நாளும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

இறங்குவது

இறங்கும் கருவியைப் பூட்டி, உடல் எடையை அதற்கு மாற்றி, அது தாங்குகிறது என்று பார்த்த பிறகுதான் ஜூமார்களைக் கழற்ற வேண்டும். வரிசை மாறக் கூடாது. களைப்பாக இருக்கும்போது, பசிக்கும்போது, மழை வருகிறதே என்னும்போதுதான் இந்த வரிசை குழம்பும். கீழே இருப்பவரிடம் ஒவ்வொரு படியையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். சர்ரென்று இறங்காதீர்கள், கருவி சூடேறிக் கயிற்றின் மேலுறையை உருக்கிவிடும். கால் தரையில் பட்டு, கயிறைக் கழற்றி, விலகி நின்ற பிறகு 'கயிறு காலி' என்று சொல்லுங்கள்.

அடுத்த மாதமும் அதே மரத்துக்கு வருவதாக இருந்தால் ஏறுகயிறை இழுக்கும்போது அதன் வாலில் மெல்லிய நைலான் கயிறைக் கட்டிவிடுங்கள். ஏறுகயிறு கீழே வரும், நைலான் கயிறு கிளைமேல் நிற்கும். அதன் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டி, விலங்குகளின் கொம்போ கழுத்தோ மாட்டாதபடி அடிமரத்தை ஒட்டி உயரத்தில் சுருட்டி வையுங்கள். வெயிலும் ஈரமும் நைலானை அரிக்கும். அதில் நேரடியாக ஏறக் கூடாது, அடுத்த முறை ஏறுகயிறை இழுக்க மட்டும்தான். ஆய்வு முடிந்து கடைசியாக வரும் நாளில் அந்தக் கயிறையும், கிளையில் கட்டிய பட்டைகளையும், எண் தகடுகளையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நோட்டில் அந்த மரத்தின் எண்ணுக்கு எதிரே 'எல்லாம் எடுக்கப்பட்டது' என்று தேதியோடு எழுதிவையுங்கள்.